மாமியார் தலையில் குண்டான்

அந்தத் துறைமுகத்தில் ஒவ்வொரு படகிலும் ஒரு மாமியார் உண்டு.

டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. படகின் பின்பக்கக் கம்பத்தில், வானத்தைப் பார்த்தபடி திருகி வைத்திருப்பார்கள். மேலே ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியும். படகு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை எல்லாம் அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். செயற்கைக்கோள் கரையில் இருக்கும் கண்காணிப்பு அறைக்குச் சொல்லும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் மிக நீளம். மாட்டிய முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர், "கூடவே வருது, போன இடத்தையெல்லாம் போட்டுக் கொடுக்குது. எங்க மாமியார் மாதிரியே இருக்கு" என்றார். அரசாங்கம் வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

அதன் பிறகு வயர்லெஸ்ஸில் நாள் முழுக்க அதே பேச்சுதான். "மாமியார் முழிச்சிருக்காங்களா?" என்றால் பச்சை விளக்கு எரிகிறதா என்று அர்த்தம். "மாமியார் கோவிச்சுக்கிட்டாங்க" என்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. "மாமியாரைக் குளிப்பாட்டிட்டேன்" என்றால் மேலே படிந்த உப்பைத் துடைத்தாயிற்று.

இந்தப் பெயருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கரையேறும்போது அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். எந்த மருமகனும் வீட்டுக்குள் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் உச்சரித்ததில்லை. ஒருவேளைச் சோற்றுக்கு உலை வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கரையில் இருக்கும் பெண்களில் இந்த ரகசியம் தெரிந்தவள் ஒருத்திதான். கண்காணிப்பு அறையின் ஆப்பரேட்டர். காதில் ஹெட்போனும் கண்ணில் திரையுமாக உட்கார்ந்திருப்பது அவள் வேலை. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு. அதில் இரண்டு புள்ளிகளை அவள் எண்ணைப் பார்க்காமலே அடையாளம் சொல்வாள். ஒன்று அவள் அண்ணனுடையது. இன்னொன்று அவள் வீட்டுக்காரருடையது.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் பூட்டு என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். வீட்டுக்காரருக்கு ரேடியோ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. பூட்டும் ரேடியோவும் ஒரே குடும்பத்தில் எப்படிச் சேர்ந்தன என்று துறைமுகமே கேலி செய்யும். "ஒருத்தர் பேசறதுக்கு ஒருத்தர் கேட்கணுமில்ல" என்பாள் அவள்.

வில்லங்கம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது.

அன்று அவள் கணவர் விடிந்ததும் கடலுக்குப் போயிருந்தார். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவர் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. சிக்னல் இல்லை. அவருடைய பேட்டரி வயர் லூஸாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி பண்ணுங்க என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனதுக்குள் ஒரு திட்டுத் திட்டிவிட்டு மற்ற புள்ளிகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

அண்ணன் அன்று கடலுக்குப் போகும் நாளே இல்லை. வீட்டோடு இருந்து இன்ஜினைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு திடீரென்று அவர் புள்ளி துறைமுகத்தை விட்டு நகர்ந்தது. வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்ஜின் ஓடுதான்னு பாக்க."

அவ்வளவுதான். பூட்டு.

புள்ளி நேராகத் தெற்கே போனது. போய்க்கொண்டே இருந்தது. திரையில் தெற்குப் பக்கம் ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடம் அது. கடல்காரர்கள் 'பார்' என்பார்கள். மீன்கள் முட்டையிடும் இடம் என்பதால் அந்தப் பருவம் முழுக்க அங்கே வலை விடத் தடை. அண்ணனின் புள்ளி அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் நுழைந்தது. நின்றது. பிறகு, நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது.

வலையை இழுத்துக்கொண்டு போகும் படகு அந்த வேகத்தில்தான் போகும்.

அவள் வயர்லெஸ்ஸை அழுத்தினாள். "தடை செஞ்ச இடத்துல இருக்கீங்க. உடனே வெளிய வாங்க."

சத்தம் இல்லை. மறுபடியும் கேட்டாள். மெதுவாகப் பதில் வந்தது. "நீரோட்டம் இழுத்துடுச்சு. வந்துடறேன்."

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அதிகாரி குனிந்து திரையைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தத் தெரியாதவர். "இன்னைக்கு நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே போகுது. இவர் தெற்கே இருந்து வடக்கே ஊர்றார். நீரோட்டம் எப்படி இழுக்கும்? யாரு படகும்மா?"

"எங்க அண்ணன் சார்."

அதிகாரி நிமிர்ந்தார். "போன பருவம் அவருக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கோம் இல்ல?"

"ஆமா சார். அது ஓரத்துல தெரியாம நுழைஞ்சது."

"இது ஓரமில்லையேம்மா. நட்ட நடு. ரெண்டாவது தடவைன்னா விதி என்னன்னு உனக்கே தெரியும்."

தெரியும். பருவம் முடியும்வரை படகு கரையில். அண்ணன் வீட்டில் அம்மா, அண்ணி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். எல்லாருக்கும் அந்த ஒரு படகுதான். 

"திங்கட்கிழமை விசாரணை வச்சுக்கலாம்" என்றார் அதிகாரி. "நீ பார்த்ததை நீயே எழுதிக் கொடு. வேற யாரையாவது எழுதச் சொன்னா, தங்கச்சி தப்பிச்சுக்கிட்டான்னு பேசுவாங்க. உனக்கும் அது நல்லதில்ல."

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் நேராகப் படகுத் துறைக்குப் போனாள். அண்ணன் படகுக்குள் குந்தியபடி ஒரு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தடித்த கயிறு. அவர் உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"அங்க எதுக்குப் போனீங்க?"

"சொன்னேனே."

"நீரோட்டமா? அண்ணா, நான் உங்க தங்கச்சி. என்கிட்டயாவது கொஞ்சம் நம்பற மாதிரி பொய் சொல்லக் கூடாதா?"

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "எழுத வேண்டியதை எழுது. நீ எழுதினதுக்கு நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்க வலை விட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன பண்ணீங்க?"

கயிற்றின் முடிச்சு அவிழ்ந்தது. அவர் வாயில் இருந்த முடிச்சு அவிழவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்தாள். "கைக்கு மருந்து போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் இன்னொரு ஆச்சரியம். ரேடியோ பாடவில்லை. சாப்பிடும்போது ஒரு வார்த்தை கூடப் பேசாதவராக அவரை அவள் கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் பார்த்தாள். அண்ணன் விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பருவம் முழுக்கவா நிறுத்துவாங்க?"

"முழுக்க."

"நான் பிடிக்கறதுல பாதியை மச்சான் வீட்டுக்குக் கொடுத்துடறேன்."

மனசு நெகிழ்ந்து போனது அவளுக்கு. தன் அண்ணனுக்காக இவர் இப்படி உருகுகிறாரே என்று இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பாவம், அவர் அதையும் தலைகுனிந்து சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் அம்மா கேட்ட கேள்வி இது.

"ஏண்டி, நான் உங்க வீட்டுக்கு வந்து ஏதாவது தொந்தரவு பண்றேனா?"

"என்னம்மா திடீர்னு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. போன மாசம் வந்தேன். ரெண்டு நாள் இருந்தேன். அந்த மிக்ஸி சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அது ஒரு குத்தமா?"

"யாரும்மா குத்தம்னு சொன்னது?"

"உன் வீட்டுக்காரர்தான். என் காதால கேட்டேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "உங்க அண்ணன் கையெல்லாம் எண்ணெயா இருந்ததுன்னு போனை ஸ்பீக்கர்ல போட்டான். நான் உள்ள இருந்து தண்ணி கொண்டு வந்தேன். மாப்பிள்ளை குரல். என்ன சொல்றார் தெரியுமா? 'மாமியார் தலையில குண்டானைக் கவுத்துட்டுத்தான் மச்சான் வந்தேன், ஒருத்தருக்கும் தெரியாது'ங்கறார். உங்க அண்ணன் என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி ஸ்பீக்கரை அணைச்சுட்டு வெளிய ஓடிட்டான். சொந்த மாமியார் தலையில குண்டானைக் கவுக்கறாராம். அந்தக் குண்டானும் நான் வாங்கிக் கொடுத்ததாத்தான் இருக்கும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது எப்ப நடந்தது?"

"வியாழக்கிழமை. இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தானே, அன்னைக்கு. போனை வச்சுட்டு அவசர அவசரமா எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, அந்தப் பெரிய கயித்தைத் தூக்கிட்டு ஓடினான். மூணு நாளா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டிருக்கேன். என்னைப் பெத்தவங்க கூட என்னை இப்படிச் சொன்னதில்ல."

பெட்டி மாட்ட வந்த ஆள் ஒவ்வொரு படகிலும் சொன்ன வாசகம் அவள் காதில் கேட்டது: இது மேல எந்த உலோகமும் இருக்கக் கூடாது, வானம் தெரியணும். அலுமினியக் குண்டானைக் கவிழ்த்தால் வானம் எங்கே தெரியும்? சாம்பல் புள்ளி. லூஸான வயர். நத்தை மாதிரி ஊர்ந்த பச்சைப் புள்ளி. வலையை இழுக்கும் படகு மட்டுமா அந்த வேகத்தில் போகும்? இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுக்கும் படகும் அப்படித்தான் போகும்.

"லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேம்மா. அவர் சொன்னது உன்னை இல்ல. படகுல ஒரு வெள்ளைப் பொட்டி இருக்குமே, நாங்க ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கறது. அதுக்கு இவங்க வச்ச பேரு மாமியார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அம்மாவின் மூச்சு சீரானது. அது சீரானதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"பொட்டிக்கு எதுக்கு மாமியார்னு பேரு?"

"எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்குமாம்."

"பார்த்துக்கிட்டே இருந்தா மாமியாரா? ஏன், மாமனாரு பார்க்க மாட்டாரா? அவர் பேப்பர் படிக்கற மாதிரி உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும்தான் பார்ப்பாரு. அவருக்குப் பேரு இல்ல." கொஞ்சம் நிறுத்தி, அம்மா தணிந்த குரலில் கேட்டாள். "அந்தப் பொட்டி தலையில எதுக்குக் குண்டானைக் கவுத்தாராம்?"

"அதைத்தாம்மா கேட்கப் போறேன்."

முதலில் அண்ணனிடம் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "அவரைக் கட்டி இழுத்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

பூட்டு திறக்கவில்லை. ஆனால் தலை ஒரு முறை அசைந்தது.

"உங்க பொட்டியையும் மூடிட்டுப் போயிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் மூடலை?"

அதற்கு மட்டும் அவர் பேசினார். அவர் கணக்குக்கு அது ஒரு பிரசங்கம்.

"அலை ஜாஸ்தியா இருந்தது. பாறைக்குப் பக்கத்துல ரெண்டு படகையும் கயித்துல கட்டினா என்ன வேணாலும் ஆகலாம். ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா தேடி வர்றவங்களுக்கு ஒரு இடம் தெரிய வேணாமா? நீ திரை முன்னால உட்கார்ந்திருப்பேன்னு தெரியும். எரியட்டும்னு விட்டுட்டேன்."

அவள் அவருடைய உரிந்த உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்ள பேரை இழுக்காதே" என்றார் அவர். "நான் கரையில உட்கார்ந்தா என் வீட்டுக்குக் கஷ்டம். அவர் கரையில உட்கார்ந்தா உன் வீட்டுக்குக் கஷ்டம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதோட விடு."

அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் கொல்லைப்புறத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறைக்குள் போய் அலமாரியில் தேடினாள். திரும்பி வந்தாள்.

"என்னங்க, படகுக்குக் கொண்டு போற குண்டான் எங்க?"

அவர் கை நின்றது. அவ்வளவு சாதாரணக் கேள்விக்கு ஒரு மனிதன் அப்படி வெளிற வேண்டியதில்லை.

"மச்சான் சொல்லிட்டாரா?"

"அவர் சொல்வாரா? உங்க நிஜ மாமியார் சொன்னாங்க."

அவர் வலையைக் கீழே வைத்தார். சொல்ல ஆரம்பித்தார். நாட்கணக்கில் வலை வெறுமனே வந்துகொண்டிருந்தது. பார் மேல் மீன் கொழிக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை என்று நினைத்தார். கூட வரும் ஆளுக்கு லீவு கொடுத்துவிட்டுத் தனியாகப் போனார். வலையை விட்டுப் படகைத் திருப்பும்போது அந்த வலை புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. நங்கூரம் பாறையில் நிற்கவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும். போனில் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் வந்து தடைப் பகுதிக்கு வெளியே இழுத்துவிட்டார். அங்கே வைத்து வலையை அறுத்தெடுத்துவிட்டுத் தனித்தனியாகக் கரைக்கு வந்தார்கள்.

"அவர் வர்ற வரைக்கும் எப்படி இருந்தது தெரியுமா?" என்றார். "படகு பாறைப் பக்கமா நகர்ந்துக்கிட்டே இருக்கு. நான் எங்க இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. குண்டானை எடுத்துடலாம்னு கை வச்சேன். எடுத்தா நீ பார்த்துடுவே. எடுக்கலைன்னா யாருமே பார்க்க மாட்டாங்க. ரெண்டு தடவை கை வச்சேன். எடுக்கலை."

"பாறையை விட என்னைப் பார்த்தா பயமா உங்களுக்கு?"

"உன்னைப் பார்த்து இல்ல. அதுக்கப்புறம் நீ என்னைப் பார்ப்பே பாரு, அதை நினைச்சு."

கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். வார்த்தைகளைக் கூட வழியில் அடுக்கி வைத்திருந்தாள். அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வயர்?"

"வயருக்கு ஒண்ணுமில்ல. முன்னயும் ரெண்டு தடவை ஓரமாப் போய்ப் பார்த்திருக்கேன். அப்பல்லாம் வயர்னு சொன்னேன்."

"இப்ப எங்க அண்ணன் படகு கரையேறப் போகுது."

"மச்சான்தான் வாயைத் திறக்காதேன்னு சொன்னாரு."

"அவர் சொல்வார். அவர் பூட்டு. உங்களுக்கு என்ன வந்தது? தெருவுல யார் வீட்டுல என்ன குழம்புன்னு வரைக்கும் பேசறவர், இந்த ஒண்ணை மட்டும் எப்படி அடக்கி வச்சீங்க?"

அவர் அறுந்த வலைக் கண்ணை விரலால் நெருடினார்.

"நாளைக்கு அந்த ரூம்ல நான் இருப்பேன்" என்றாள் அவள். "சார் கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லுவேன். கேட்காம விட்டாலும் சொல்லுவேன். பொய் எழுதிக் கொடுத்துட்டு அந்தத் திரை முன்னால என்னால உட்கார முடியாது. ஆனா நான் சொல்றதுக்கு முன்னால நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

திங்கட்கிழமை காலை அவள் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. படகுக்கான பையும் இல்லை.

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாகத் திரையைப் பார்த்தாள். அவர் புள்ளி துறையிலேயே பச்சையாக நின்றது. கடலுக்குப் போகவில்லை. எங்கே போனார்? நினைக்கக் கூடாததை எல்லாம் மனசு நினைத்தது. விசாரணைக்கு நேரமாகிவிட்டது என்று பியூன் வந்து கூப்பிட்டார். எழுதியதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறையை நோக்கி நடந்தாள்.

அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பைக்குள் இருந்து அலுமினியம் பளபளத்தது. பக்கத்தில் வாட்ச்மேன் வாயைப் பிளந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாலயே வந்துட்டார்மா" என்றார் வாட்ச்மேன். "பேரு லிஸ்ட்ல இல்ல, உள்ள விட முடியாதுன்னு உட்கார வச்சேன். அதுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கார். எனக்குக் காது வலிக்குது."

அவள் அறைக் கதவைத் திறந்து பிடித்தாள். "இவரும் வரணும் சார்."

உள்ளே அண்ணன் ஏற்கனவே அதிகாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையையும் பையையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ரேடியோ நேராகப் போய் மேஜைமேல் குண்டானை வைத்தார்.

"சார், அன்னைக்குப் பாருக்குள்ள வலை விட்டது நான். பொட்டி மேல இதைக் கவுத்து வச்சிருந்தேன். இன்ஜின் நின்னு போச்சு. இவர் என்னைக் காப்பாத்தத்தான் வந்தாரு."

அதற்குப் பிறகு நடந்ததைத் துறைமுகத்தில் இன்றும் யாரும் நம்புவதில்லை. பூட்டு திறந்தது.

"பொய் சார்" என்றார் அண்ணன். "இவருக்கு அன்னைக்கு வயித்து வலி. கடலுக்கே வரலை. நான்தான் போனேன். வலை விட்டேன். மீன் கூடப் பிடிச்சேன்."

"என்ன மீன்?" என்றார் அதிகாரி.

அண்ணன் யோசித்தார். "பெரிய மீன்."

"மச்சான், சும்மா இருங்க. பேசத் தெரியாத ஆளு பொய் பேச வந்துட்டாரு."

"மாப்ள, நீங்க வெளிய போங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லி அவர் ஆயிரம் பேரிடம் மன்றாடியிருப்பார். ஒரே குற்றத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுவது அவருக்குப் புதுசு. கடைசியில் அவளிடம் திரும்பினார்.

"ஆப்பரேட்டர், நீ சொல்லும்மா. யார் சொல்றது நிஜம்?"

அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். கணவர் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைதான். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு வீட்டு அடுப்பைத் தொடும் வார்த்தை.

"எங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சார் நிஜம்" என்றாள்.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டார். கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அவர் பயந்தாரோ, அப்படிப் பார்க்கவில்லை அவள். அது அவருக்குத் தெரிந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி படகுத் துறைக்கே வந்து புரொப்பல்லரைப் பார்த்தார். தண்டில் இன்னும் வலை நூல் உருகி ஒட்டியிருந்தது. அண்ணன் மீது தவறில்லை என்று எழுதினார்; ஆபத்தில் இருக்கும் படகைக் காப்பாற்ற யாரும் எங்கேயும் நுழையலாம், ஆனால் நீரோட்டம் என்று கதை அளந்ததற்கு வாயால் திட்டினார். மீன் முட்டையிடும் இடத்தில் கை வைத்தால் நாளைக்கு உங்கள் வலைக்குத்தான் கேடு என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். பெட்டியை மறைத்து வலை விட்டால் முதல் தடவைக்கே எச்சரிக்கை கிடையாது என்று, அவர் படகுக்குப் பருவம் முடியும்வரை தடை போட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, "வேற வழியில்லம்மா" என்று அவளிடம் தனியாகச் சொன்னார்.

"தெரியும் சார்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மா வந்து இரண்டு நாள் இருந்தாள். மாப்பிள்ளை மிக்ஸியைத் துணியில் சுற்றிச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள், போகும்போது மட்டும், "நான் ஒண்ணும் பார்க்கலை. பார்த்தா பொட்டின்னு சொல்லிடுவாங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வரிசையாகப் படகுகள் கிளம்பின. கிளம்பும் ஒவ்வொரு படகும் எத்தனை ஆள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அண்ணன் முறை வந்தது.

"ஆள் எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு" என்றார் அண்ணன். அவரும், அவரிடம் வழக்கமாக வரும் ஆளும். மூன்றாவது ஆள் யாரென்று வயர்லெஸ்ஸிலேயே தெரிந்தது. பின்னால் ஒரு குரல் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது: கயிறு சரியில்லை, இன்ஜின் இருமுகிறது, இந்த ஐஸ் போதாது.

"மூணு பேர்ல ரெண்டு பேர் வேலை செய்யறோம்" என்றார் அண்ணன். "ஒருத்தர் பேசறாரு."

"எண்ணிக்கை மட்டும் போதும். மத்த விவரம் கேட்கலை."

"அது யாரு லைன்ல? என் சம்சாரமா?" என்று ரேடியோ கத்தியது. "மச்சான், அந்த மைக்கை இப்படிக் கொடுங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"அரசாங்க லைன்ல வீட்டு விஷயம் பேசக் கூடாது" என்றாள் அவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று என்று தட்டினாள். "பார்த்துப் போயிட்டு வாங்க. அடுத்த படகு?"